செங்கற்பட்டு பி.சி.ஜி. ஆய்வு: ஒரு தடுப்பூசியை எண்களால் அளந்த வரலாறு

செங்கற்பட்டு பி.சி.ஜி. ஆய்வு என்பது, காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. உண்மையில் எவ்வளவு பாதுகாப்புத் தருகிறது என்பதை அறிய, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி 15 ஆண்டுகள் நடத்தப்பட்ட கள ஆய்வு ஆகும். உலகில் ஒரு தடுப்பூசியைச் சோதிக்க நடந்த மிகப் பெரிய ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. இதில் கிடைத்த விடை யாரும் எதிர்பாராதது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று அது காட்டியது. அந்த விடை எப்படிப் பெறப்பட்டது, அதற்கு ஏன் இவ்வளவு பேர் தேவைப்பட்டனர், நோய்ப் பரவலைக் கணிக்கும் கணித மாதிரிகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நோயை எண்ணால் அளக்கும் மரபு

தொற்றுநோயைக் கணக்கில் அடக்கிப் பார்க்கும் முயற்சி பழமையானது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கணித அறிஞர் டேனியல் பெர்னூலி 1760-இல் பெரியம்மையைப் பற்றி ஒரு கணக்கை முன்வைத்தார். அக்காலத்தில் அம்மைப் பாலை எடுத்து நலமாக உள்ளவர் உடலில் குத்தும் வழக்கம் இருந்தது. அதனால் சிலர் இறந்தும் போயினர். அந்த ஆபத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட, எல்லோருக்கும் அம்மை குத்தினால் சராசரி ஆயுள் ஏறத்தாழ 26 ஆண்டு 7 மாதத்திலிருந்து 29 ஆண்டு 9 மாதமாக உயரும் என்று அவர் காட்டினார். ஒரு தடுப்பு முறையின் நன்மையையும் தீமையையும் ஒரே தராசில் வைத்து நிறுத்த முதல் முயற்சி இது எனலாம்.

அடுத்த பெரிய அடி இந்தியாவோடு தொடர்புடையது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலில் கண்டுபிடித்தார். 1902-இல் நோபல் பரிசு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. மலேரியா பரவுவதைச் சமன்பாடுகளாக எழுதினார். ஓர் ஊரில் உள்ள எல்லாக் கொசுக்களையும் ஒழிக்கத் தேவையில்லை, கொசுக்களின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினாலே மலேரியா தானாகத் தேய்ந்துவிடும் என்று அச்சமன்பாடுகள் கூறின.

ராஸின் வழியில் வந்தவர் மெக்கென்ட்ரிக். அவரும் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியவர். அவரும் கெர்மாக் என்பவரும் இணைந்து 1927-இல் வெளியிட்ட கட்டுரையே இன்றைய தொற்றுநோய் மாதிரிகளுக்கு அடிப்படை. தம் சமன்பாட்டைச் சரிபார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது 1905–06-இல் பம்பாயில் பிளேக் நோயால் நிகழ்ந்த இறப்புகளின் கணக்கு.

மாதிரி என்றால் என்ன?

கெர்மாக்–மெக்கென்ட்ரிக் முறையில் மக்கள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றனர்: நோய் வரக்கூடியவர்கள், நோயைப் பரப்புகிறவர்கள், நோயிலிருந்து மீண்டவர்கள் அல்லது இறந்தவர்கள். ஒவ்வொரு நாளும் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கும், இரண்டிலிருந்து மூன்றாம் பிரிவுக்கும் எத்தனை பேர் செல்கின்றனர் என்று கணக்கிட வேண்டும். குளத்துக்கு வரும் நீரையும் மதகு வழியே வெளியேறும் நீரையும் கணக்கிடுவது போன்றதே இது.

இதில் மையமான எண் ஒன்று உண்டு. யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்பதே அது. இதனை அடிப்படைப் பரவல் எண் என்பர். தட்டம்மைக்கு இது 12 முதல் 18 வரை என்று பாடநூல்கள் கூறும். கொரோனா காலத்தில் செய்தித்தாள்களில் நாள்தோறும் அடிபட்டதும் இந்த வகை எண்தான்.

இந்த எண் 5 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரில் நான்கு பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் ஒரு நோயாளி ஒருவருக்கு மட்டுமே நோயைக் கொடுக்க முடியும். ஆகவே 80 விழுக்காட்டினருக்குமேல் பாதுகாப்பு இருந்தால் நோய் தேயத் தொடங்கும். ஆனால் தடுப்பூசி நூற்றுக்கு நூறு பலன் தரவேண்டும் என்பதில்லை. அதன் திறன் 80 விழுக்காடு என்றால் ஊரில் ஒருவர் விடாமல் அனைவருக்கும் ஊசி போட்டாக வேண்டும். திறன் 50 விழுக்காடுதான் என்றால் எல்லோருக்கும் போட்டாலும் நோய் நிற்காது. தடுப்பூசியின் திறன் என்ற ஓர் எண் மாறினால் முழுத் திட்டத்தின் விடையும் மாறிவிடும் என்பதை மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்.

மாதிரிக்கு இன்னொரு வரம்பும் உண்டு. எல்லோரும் எல்லோரையும் சமமாகச் சந்திக்கிறார்கள் என்று எளிய மாதிரி கருதிக்கொள்கிறது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். மலைமேல் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஓர் ஊரார் அடுத்த ஊராரை அன்றாடம் பார்ப்பதில்லை. ஆனால் சோளக்காட்டுச் சந்தையிலும், செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவிலும் பல நாட்டு மக்களும் ஒரே இடத்தில் கூடுவர். சராசரியை மட்டும் பார்க்கும் கணக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆகவே, களத்திலிருந்து எடுத்த எண்களைக் கொடுக்காத மாதிரி வெறும் சமன்பாடாகவே நிற்கும்.

பி.சி.ஜி. இந்தியாவுக்கு வந்த கதை

பிரான்சு நாட்டின் லீல் நகரப் பாஸ்டர் நிறுவனத்தில் ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரென் என்னும் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள் தொடர்ந்து வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்தனர். 1921-இல் முதல்முறையாக ஒரு குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டது. அவ்விருவர் பெயரின் முதல் எழுத்துகளே பி.சி.ஜி. என்னும் பெயரில் உள்ளன.

இந்தியாவில் இத்தடுப்பூசி 1948-இல் வந்தது. அவ்வாண்டில் ஆந்திரத்தின் மதனப்பள்ளிப் பகுதியில் ஊசி போடும் பணி தொடங்கியது. ஊசி மருந்தைத் தயாரிக்கச் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் அமைந்ததும் அவ்வாண்டில்தான். 1951 முதல் நாடெங்கும் பெருந்திரள் இயக்கமாக அது விரிந்தது.

எதிர்ப்பும் எழுந்தது. 1955-இல் இராஜாஜி இந்த இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தார். பலன் உறுதிப்படாத ஒன்றை இலட்சக்கணக்கான குழந்தைகளின் உடலில் செலுத்தலாமா என்பது அவர் வாதங்களுள் ஒன்று. நடுவண் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் இயக்கத்தை உறுதியாக ஆதரித்தார். இரு தரப்பும் தத்தம் நம்பிக்கையை முன்வைத்தன. ஆனால் இந்திய மண்ணில் பெரிய அளவில் அளந்து பெற்ற எண் அன்று எவரிடமும் இல்லை.

வெளிநாட்டு எண்களோ ஒன்றோடொன்று முரண்பட்டன. பிரிட்டனில் 1950-இல் தொடங்கி, பள்ளிப்படிப்பை முடிக்கும் 14–15 வயதினர் சுமார் 54,000 பேரிடையே நடந்த ஆய்வில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பாதுகாப்புக் கிடைத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா–அலபாமா பகுதியில் நடந்த ஆய்வு 14 விழுக்காடு மட்டுமே என்றது. போர்ட்டோ ரிக்கோவில் அது 30 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. மூன்றிலும் செலுத்தப்பட்டது பி.சி.ஜி.தான். ஆயினும் விடைகள் வெகுவாக வேறுபட்டன.

பெங்களூரில் எழுந்த கணக்கு

1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் நிறுவப்பட்டது. தென்னிந்தியக் கிராமங்களில் எத்தனை பேருக்குக் கிருமி தொற்றியுள்ளது, அவர்களில் எத்தனை பேர் நோயாளி ஆகின்றனர், எத்தனை பேர் பிழைக்கின்றனர் என்று அந்நிறுவனம் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்தது. அதனோடு இணைந்து பணியாற்றிய ஹான்ஸ் வாலர், அன்டன் கேசர், ஸ்டிக் ஆண்டர்சன் ஆகியோர் 1962-இல் காசநோய்க்கான கணித மாதிரி ஒன்றை வெளியிட்டனர். காசநோய் மாதிரிகளுள் இது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

காசநோய்க்குப் பழைய மூன்று பிரிவு மாதிரி போதாது. கிருமி தொற்றிய எல்லோரும் நோயாளி ஆவதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு வாழ்நாள் முழுவதும் அது உறங்கியே கிடக்கும். எஞ்சியவருக்குச் சில மாதங்களிலும் வரலாம், முப்பது ஆண்டுகள் கழித்தும் வரலாம். மேலும், நோயைப் பரப்புகிறவர்கள் பெரும்பாலும் சளியில் கிருமி உள்ள பெரியவர்களே. சிறு குழந்தைகள் நோயால் துன்புறுவார்கள், ஆனால் அதிகம் பரப்ப மாட்டார்கள். ஆகவே மாதிரியில் கூடுதல் பிரிவுகளும் வயது வேறுபாடும் தேவைப்பட்டன.

இவ்வகை மாதிரியைக் கொண்டு, நோயாளிகளைக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் இருபது ஆண்டுகளில் நோய் எவ்வளவு குறையும், தடுப்பூசி போட்டால் எவ்வளவு குறையும் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். மருந்தின் பக்கம் நம்பத்தக்க எண்கள் வரத் தொடங்கியிருந்தன. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொள்ளும் நோயாளியும் மருத்துவமனையில் தங்கியிருப்பவருக்கு இணையாகக் குணமடைவார் என்று 1959-இல் மெய்ப்பித்திருந்தது. தடுப்பூசியின் பக்கம்தான் கணக்கு நிரம்பாமல் இருந்தது. அங்கே 14 என்று எழுதுவதா, 78 என்று எழுதுவதா? ஓர் ஏழை நாடு தன் பணத்தையும் ஆட்களையும் எதில் இறக்குவது என்பது அந்த ஓர் எண்ணைப் பொறுத்தது.

செங்கற்பட்டில் நடந்தது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகியவை இணைந்து ஆய்வைத் திட்டமிட்டன. சென்னைக்கு மேற்கே திருவள்ளூர் நகரும் அதைச் சூழ்ந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளும் களமாகத் தெரிவு செய்யப்பட்டன. இப்பகுதியின் பெரும்பகுதி இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

1968 முதல் 1971 வரை வீடு வீடாகச் சென்று 3,60,000-க்கும் மேற்பட்டோர் பெயர் பதிவு செய்யப்பட்டது. கிருமி ஏற்கெனவே தொற்றியுள்ளதா என்று அறியக் கையில் டியூபர்குலின் சோதனை செய்யப்பட்டது. சிறு குழந்தைகள் நீங்கலாக மற்றவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. படத்தில் ஐயம் எழுந்தால் சளி சோதிக்கப்பட்டது. ஒரு மாதக் குழந்தை முதல் முதியோர் வரை சுமார் 2,80,000 பேருக்கு ஊசி போடப்பட்டது.

அந்த ஊசியில்தான் ஆய்வின் நுட்பம் இருந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்கு 0.1 மில்லிகிராம் பி.சி.ஜி., இன்னொரு பங்கினருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு அளவு, மீதமுள்ளோருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது சமவாய்ப்பு முறையில், அதாவது சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, முடிவு செய்யப்பட்டது. ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பின்னர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தவருக்கும் தெரியாது. இதனை இருபுற மறைப்பு முறை என்பர். ஊசியில் நம்பிக்கை உள்ள மருத்துவர், ஐயத்துக்குரிய படத்தைப் பார்க்கும்போது தம்மை அறியாமலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடக்கூடும். அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

ஐயம் நீங்க, உலகில் வீரியம் மிக்கவை எனப் பெயர்பெற்ற டேனிஷ், பிரெஞ்சு வகைகள் இரண்டுமே பயன்படுத்தப்பட்டன. இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு மக்கள்தொகையும் மீண்டும் சோதிக்கப்பட்டது. இடையிடையே, நோய் வர வாய்ப்புள்ளவர்கள் தனியே கவனிக்கப்பட்டனர்.

இவ்வளவு பேர் எதற்கு என்று கேட்கலாம். தொடக்கத்தில் கிருமி தொற்றாமலும் எக்ஸ்ரே குறையின்றியும் இருந்தவர்கள் 1,09,873 பேர். பதினைந்து ஆண்டுகளில் அவர்களில் 560 பேருக்கே காசநோய் வந்தது. அதாவது ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஒருவர். வெறும் 3,000 பேரை வைத்துச் சோதித்திருந்தால் மூன்று குழுக்களுக்கும் சேர்த்தே 15 நோயாளிகள்தான் இருந்திருப்பர். குழுவுக்கு ஐந்து பேர் என்ற நிலையில் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் அது ஊசியின் பலனா, தற்செயலா என்று சொல்ல இயலாது.

கிடைத்த விடை

ஏழரை ஆண்டு முடிவுகள் 1979-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தன. பதினைந்து ஆண்டு முடிவுகளைச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் 1999-இல் வெளியிட்டது. மேற்கூறிய 560 பேரில், முழு அளவு பி.சி.ஜி. போட்ட குழுவில் 189 பேர், குறைந்த அளவு போட்ட குழுவில் 191 பேர், வெற்று ஊசி போட்ட குழுவில் 180 பேர்.

மூன்று குழுக்களும் ஏறத்தாழ சமம் என்பதால் இந்த எண்களை நேராகவே ஒப்பிடலாம். 560-ஐ மூன்றால் வகுத்தால் 187. இந்த அளவுள்ள எண்ணிக்கையில் 14 வரை கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நிகழும். மூன்று எண்களும் அந்த எல்லைக்குள் அடங்குகின்றன. பிரிட்டனில் கண்டதுபோல ஊசி 80 விழுக்காடு பலன் தந்திருந்தால், ஊசி போட்ட குழு ஒவ்வொன்றிலும் 36 பேருக்குத்தான் நோய் வந்திருக்க வேண்டும். வந்ததோ 189, 191. ஊசி நோயைக் கூட்டியதாகவும் சொல்ல முடியாது, குறைத்ததாகவும் சொல்ல முடியாது. 14 வயதுக்குட்பட்ட பிரிவில் மட்டும் 27 விழுக்காடு பாதுகாப்புத் தென்பட்டது. அதுவும் புள்ளியியல் முறைப்படி உறுதியானதன்று.

ஆய்வை நடத்தியவர்கள் எதிர்பார்த்த விடை இதுவன்று. நாடு முழுவதும் கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்டுவந்த ஊசியைப் பற்றி, அதை ஆதரித்த அமைப்புகளே இந்த முடிவை அச்சிட்டு உலகுக்கு அறிவித்தன. அறிவியல் வரலாற்றில் இது நினைவில் கொள்ளத்தக்க நேர்மை.

இராஜாஜி சொன்னது சரியாகிவிட்டது என்று இதைக் கொண்டு முடிவு கட்டுவோரும் உண்டு. அது முழு உண்மையன்று. பலன் உறுதிப்படவில்லை என்ற அவர் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடையைத் தந்தது அரசியல் வாதம் அன்று. வெற்று ஊசி போட்டுக்கொண்ட குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்த கணக்கே.

ஏன் பலிக்கவில்லை?

காரணங்களாகப் பல கூறப்பட்டன. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமிக்கு உறவான, தீங்கு குறைந்த கிருமிகள் நிறைய உள்ளன. அவற்றோடு பழகிய உடலுக்கு ஏற்கெனவே ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும், எனவே ஊசியின் கூடுதல் பலன் தெரியாது என்பது ஒரு கருத்து. செங்கற்பட்டுப் பெரியவர்களில் மிகப் பலர் அத்தகைய கிருமிகளுக்கான சோதனையிலும் எதிர்வினை காட்டினர். நில நடுக்கோட்டிலிருந்து விலகிய நாடுகளில் பி.சி.ஜி.யின் பலன் கூடுதலாகக் காணப்படுவதும் இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. தென்னிந்தியாவில் காணப்படும் காசநோய்க் கிருமி வகையின் இயல்பு வேறு என்பது இன்னொரு கருத்து. ஆய்வாளர்கள் அனைவரும் ஏற்ற ஒரே விளக்கம் இன்னும் இல்லை.

இது காசநோய்க்கு மட்டும் உரியதன்று. போலியோ சொட்டு மருந்து வெளிநாட்டில் போல மூன்று தவணையில் இங்கே போதிய பலன் தரவில்லை என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான் 1970-களில் எடுத்துக்காட்டினார். டெல்லி, புணே, வேலூர் ஆகிய இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடையே சோதிக்கப்பட்ட ரோட்டாவைரஸ் தடுப்பூசி, முதல் ஆண்டில் கடும் வயிற்றுப்போக்கை 56 விழுக்காடு தடுத்தது என்று 2014-இல் வெளியான முடிவு கூறியது. வளர்ந்த நாடுகளில் இவ்வகை ஊசிகளின் பலன் இதைவிட மிகுதி. ஆகவே ஓரிடத்து எண்ணை அப்படியே மற்றோரிடத்து மாதிரியில் எழுத முடியாது.

விடைக்குப் பின்

பி.சி.ஜி. கைவிடப்பட்டதா? இல்லை. செங்கற்பட்டு ஆய்வு அளந்தது பெரும்பாலும் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை. பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அளக்க அது அமைக்கப்படவில்லை. சென்னையில் 1990-களில் குழந்தைகளிடையே நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு, மூளையைத் தாக்கும் காசநோயை பி.சி.ஜி. முக்கால் பங்கு அளவுக்குத் தடுப்பதாகக் காட்டியது. எனவே பிறந்தவுடன் குழந்தையின் இடது மேற்கையில் ஊசி போடும் வழக்கம் தொடர்கிறது. பெற்றோர் இதைத் தவறவிடக் கூடாது.

மாதிரியின் மொழியில் சொன்னால், குழந்தையைக் காப்பது வேறு, பரவலை நிறுத்துவது வேறு. நோயைப் பரப்பும் பெரியவருக்கு நோய் வராமல் இந்த ஊசி தடுக்காததால், ஊரில் நோய்ச் சங்கிலி அறுபடாது. அதை அறுக்க, இருமும் நோயாளியைக் கண்டறிந்து குணமாக்கியே ஆக வேண்டும்.

இதற்கான சான்றும் அதே திருவள்ளூர் மாவட்டத்திலேயே கிடைத்தது. அங்கே 1999 முதல், நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் டாட்ஸ் முறை நடைமுறைக்கு வந்தது. அப்போது இலட்சம் பேருக்குச் சுமார் 600 என்றிருந்த காசநோயாளர் எண்ணிக்கை 2004–06 அளவாய்வில் சுமார் 310 ஆகக் குறைந்தது. அடுத்த அளவாய்வில் அது மீண்டும் சற்று உயர்ந்தது. மருந்து கொடுக்கும் பணியை ஓராண்டுகூடத் தளர விடக்கூடாது என்பதை அது உணர்த்தியது.

செங்கற்பட்டில் பயின்ற முறை தொழுநோய்க்கும் பயன்பட்டது. 1991-இல் தொடங்கி ஏறத்தாழ 1,70,000 பேரிடையே நான்கு தொழுநோய்த் தடுப்பூசிகளும் வெற்று ஊசியும் ஒப்பிடப்பட்டன. 1998-இல் வெளியான முடிவுகளின்படி இரண்டு ஊசிகள் 64, 65 விழுக்காடு அளவுக்கும், தனி பி.சி.ஜி. 34 விழுக்காடும், எம்.டபிள்யூ. எனப்படும் ஊசி 26 விழுக்காடும் பாதுகாப்புத் தந்தன. இந்த எம்.டபிள்யூ. ஊசியும் வி.பி.எம். 1002 என்னும் புதிய ஊசியும், காசநோயாளியுடன் ஒரே வீட்டில் வாழும் சுமார் 12,000 பேரிடையே 2019 முதல் இந்தியாவில் சோதிக்கப்பட்டன.

மாணவர்கள் கவனிக்க

ஒரு தடுப்பூசி 90 விழுக்காடு பலன் தருகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த ஊரில் அளந்தார்கள்? எந்த வயதினரிடம், எந்த வகை நோயை அளந்தார்கள்? ஊசி போடாத எத்தனை பேரோடு ஒப்பிட்டார்கள்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்த எண்ணையே மாதிரியில் எழுத வேண்டும். திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், தமக்குப் போடப்பட்டது மருந்தா வெற்று ஊசியா என்று தெரியாமலேயே பதினைந்து ஆண்டுகள் கை நீட்டி, எக்ஸ்ரே முன் நின்று, சளி கொடுத்த மக்களால் கிடைத்தது அத்தகைய ஓர் எண்.